ட்ரவுட்மன் கழுத்து முறிந்த பிறகும் ஆடினார் என்பது நிஜமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 1956-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் ஜெர்மன் கோல்கீப்பர் பெர்ட் ட்ரவுட்மன் கழுத்து முறிந்த பிறகும் கடைசி கால் மணி நேரம் ஆடினார் என்று படித்திருக்கிறீர்கள். கழுத்து முறிந்தவன் அந்த இடத்திலேயே போய்விடுவான் என்றுதான் சினிமாவில் பார்த்திருக்கிறோம். அப்படியானால் இது ஊதிப் பெருக்கிய கதையா? நிஜமென்றால் அதன்பிறகு எட்டு வருடம் எப்படி ஆடினார்? கேள்வி கால்பந்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும், கழுத்து முறிவது என்றால் உண்மையில் என்ன என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். 30 வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மருத்துவக் கல்லூரி அணியில் மூன்று வருடம் கோல் காத்தவனும்கூட. எத்தனை கோல் வாங்கினேன் என்பது இங்கே வேண்டாம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் பலர் இதைக் 'கழுத்தெலும்பு முறிவு' என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர்கள் தோளுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். காறை எலும்பு உடைந்து விளையாடியவர்கள் நிறையப் பேர் உண்டு, அது பெரிய செய்தியே இல்லை. ட்ரவுட்மனுக்கு முறிந்தது அது இல்லை. தலையைத் தாங்கும் முதுகுத்தண்டின் மேல்பகுதி, கழுத்தின் முள்ளெலும்பு. அதிலும் மேலிருந்து இரண்டாவது.

நடந்தது நிஜம். 1956 மே 5, வெம்பிளி மைதானம், எதிரே பர்மிங்ஹாம் சிட்டி. மான்செஸ்டர் சிட்டி 3-1 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய ஏறக்குறைய 17 நிமிடம் இருக்கும்போது பர்மிங்ஹாமின் பீட்டர் மர்பி பந்தோடு உள்ளே வருகிறார். ட்ரவுட்மன் தலையை முன்னே கொடுத்து அவர் காலடியில் பாய்ந்து பந்தை அள்ளுகிறார். மர்பியின் முழங்கால் அவர் கழுத்தில் இடிக்கிறது. ஆள் சுருண்டு விழுந்து நினைவு தப்புகிறார். பயிற்றுநர் ஓடிவந்து தெளிய வைக்கிறார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. லீக் ஆட்டங்களிலேயே அது 1965-இல்தான் வந்தது. கோல்கீப்பர் வெளியே போனால் பத்துப் பேரோடு ஆட வேண்டும், அந்தப் பத்தில் ஒருவர் கோல் காக்க வேண்டும். அதனால் எழுந்து நின்றார், ஆடினார், மறுபடியும் மர்பியிடமிருந்து ஒரு பந்தைத் தடுத்தார். தன் அணியின் டேவ் யூயிங்குடனே ஒருமுறை மோதி மறுபடி விழுந்தார். ஆட்டம் 3-1 என்றே முடிந்தது. அந்தக் கடைசி நிமிடங்கள் தனக்கு மங்கலாகத்தான் தெரிந்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் வாங்கப் போனபோது இளவரசர் பிலிப்பே கழுத்து கோணியிருப்பதைக் கவனித்துக் கேட்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு ஆட்டத்தைவிட முக்கியம். லண்டனில் ஒரு மருத்துவமனையில் காட்டினார். கழுத்துப் பிடிப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இரண்டாவது முள்ளெலும்பு இரண்டாகப் பிளந்திருப்பது தெரிந்தது. ஐந்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன என்றும், மூன்றாவது எலும்பு இரண்டாவதோடு ஆப்பு போல இறுகிக்கொண்டதால்தான் ஆள் பிழைத்தார் என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும்.

இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். இரண்டாவது முள்ளெலும்பு உடைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; அதற்குப் பிறகு கொடுத்த சிகிச்சையே சாட்சி. மூன்றாவது எலும்பு இறுகிக்கொண்டது என்பதும் நடக்கக்கூடியதுதான். 'ஐந்து எலும்பும் இடம் பெயர்ந்தது' என்பதைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மொழியில் மூட்டு விலகுவது என்றால் மூட்டின் இரண்டு பரப்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று முழுதாகப் பிரிந்துபோவது. கழுத்தில் ஒரே ஒரு மட்டத்தில் அப்படி ஆனாலே கைகால் விழுந்துவிடும் ஆபத்து அதிகம். ஐந்து மட்டத்தில் முழுதாக விலகிய ஒருவர் பதக்கம் வாங்கப் படியேற மாட்டார். வரிசை சற்று பிசகியிருந்தது, எலும்புகள் நேர்கோட்டில் இல்லை என்பதை அன்றைய பத்திரிகைகள் அந்தச் சொல்லில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த எக்ஸ்ரே படத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே இது ஒரு டாக்டரின் ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கழுத்து முறிந்தால் ஏன் சாகவில்லை? கழுத்தில் 7 முள்ளெலும்புகள். அவற்றின் நடுவே இருக்கும் குழாயில் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை, ஓடுகிறது. ஆளைக் கொல்வது எலும்பு முறிவதல்ல. முறிந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்குவதுதான். மூச்சு விடும் உதரவிதானத்துக்கான நரம்பு 3, 4, 5-ஆம் கழுத்து மட்டத்திலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் மூச்சு நின்றுவிடும். சினிமாவில் கழுத்தைத் திருகினதும் ஆள் சாய்வதன் அடிப்படை இதுதான், அந்தக் காட்சிகள் எவ்வளவு அபத்தமாக இருந்தாலும்.

ஆனால் இயற்கை ஒரு உபகாரம் செய்திருக்கிறது. கழுத்தின் மேல்பகுதியில்தான் அந்தக் குழாய் மிக அகலம். முதல் எலும்பின் வளையத்துக்குள், இரண்டாவது எலும்பிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பல் போன்ற ஒரு முளை மூன்றில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும், தண்டுவடம் இன்னொரு பங்கு, மீதி ஒரு பங்கு காலி இடம். மருத்துவ மாணவர்களுக்கு இதை மூன்று பங்கு விதி என்றே சொல்லித் தருவோம். அந்தக் காலி இடம் இருக்கும்வரை எலும்பு கொஞ்சம் நகரலாம், தண்டுவடம் தப்பித்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. இரண்டாவது எலும்பு முன்பாகம் தனியாக, பின்வளையம் தனியாகப் பிளக்கும் ஒரு வகை முறிவு இருக்கிறது. அதில் இரண்டு துண்டும் விலகும்போது நடுவே இருக்கும் குழாய் இன்னும் அகலமாகிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும்: உடைந்ததால்தான் நரம்பு பிழைத்தது என்றாகிறது. ட்ரவுட்மனுக்கு இந்த வகை முறிவா, முளை முறிந்ததா என்று 'இரண்டாகப் பிளந்தது' என்ற ஒரு வாக்கியத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் உடனே கைகால் விழாமல் நடமாடும் நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருவரை மறக்கவே முடியாது. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த சமயம். ராத்திரி டியூட்டி. அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் ஒரு அண்ணன், பலகை சறுக்கி மூட்டையோடு விழுந்தவர், பஸ் ஏறி வந்திருந்தார். நடந்தே உள்ளே வந்தார். இரண்டு கையாலும் தாடையையும் பின்மண்டையையும் பிடித்துக்கொண்டிருந்தார், ஏதோ நிறைகுடத்தைத் தூக்கி வருவது மாதிரி. "சுளுக்குங்க சார், ஊர்ல ஒருத்தர் எடுப்பாரு, அதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார். கைகால் பலம் சரியாக இருந்தது. உணர்ச்சி சரியாக இருந்தது. நானும் ஊசி எழுதப் போனேன். ரவுண்ட்ஸ் வந்த சீஃப் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்ப்பா, அவர் தலைய எதுக்குப் பிடிச்சிட்டிருக்கார்னு கேட்டியா? கைய எடுக்கச் சொல்லாத. அப்படியே படுக்க வை." வாயைத் திறக்கச் சொல்லி, அந்த வழியாக எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டாவது எலும்பின் முளை அடியோடு முறிந்திருந்தது தெரிந்தது. பக்கவாட்டில் மட்டும் படம் எடுத்திருந்தால் எனக்கு அது பிடிபட்டிருக்காது. அவர் சொன்ன அந்தச் சுளுக்கு எடுப்பவரிடம் போயிருந்தால் ஒரே திருப்பில் கதை முடிந்திருக்கும். அதனால் 1956-இல் லண்டனில் ட்ரவுட்மனைப் பார்த்து அனுப்பிய டாக்டரை நான் ஏசமாட்டேன். இன்று சி.டி. ஸ்கேன் இருக்கிறது. அப்போது கண்ணும் அனுபவமும்தான்.

தலையைக் கையால் தாங்கிக்கொள்வது, தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவது, இவை கழுத்தின் மேல் எலும்புகளில் சேதம் இருப்பதன் பழைய அடையாளங்கள். நாம் தலையை இடவலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவேதான் நடக்கிறது. அங்கே அடிபட்டதும் சுற்றியுள்ள தசைகள் கல்லாக இறுகிவிடும். வலி தாங்காமல் இறுகும் அந்தத் தசைதான் அந்த நேரத்தில் பத்தும் மாவுக்கட்டும். ட்ரவுட்மன் கடைசி நிமிடங்களில் ஆடியது அந்தத் தசைகளின் புண்ணியத்தில். ஆனால் அது உத்தரவாதம் இல்லை. யூயிங்கோடு மோதிய அந்த இரண்டாவது மோதலில் எலும்பு கொஞ்சம் நகர்ந்திருந்தால் அந்தப் புல்லிலேயே முடிந்திருக்கும். அந்த மோதலைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஒப்புக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். உயிரைப் பணயம் வைத்து ஆடினார் என்று எழுதுகிறார்கள். அவருக்கு முறிந்தது தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நிமிடம்கூட நின்றிருக்கக் கூடாது, நிற்கவும் விட்டிருக்க மாட்டார்கள். வலியைத் தாங்கினார் என்பது உண்மை, அது சாதாரண விஷயமும் இல்லை. ஆனால் அவரைக் காப்பாற்றியது துணிச்சல் இல்லை, எலும்பு விழுந்த விதம். அந்த மனிதரின் துணிச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் போக வேண்டும்.

முன்னால் போவோம். 1923-இல் பிரெமன் நகரில் பிறந்தவர். துறைமுகப் பகுதிக் குடும்பம். சிறுவயதில் ஹேண்ட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம், நன்றாக ஆடுவார். இது பின்னால் முக்கியம். ஹிட்லர் காலத்துப் பையன், அந்தக் காலத்துச் சிறுவர் படையில் சேர்ந்தவன், 17 வயதில் தானாக ராணுவத்துக்குப் போனவன். பாராசூட் படையில் கிழக்கு முனையில் சண்டையிட்டு இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் வீரப் பதக்கம் வாங்கியவர். உக்ரைன் காட்டில் மக்களைக் குழியோரம் நிறுத்திச் சுட்டதைப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை மறைத்து அவரை ஒரு அப்பாவியாக எழுதும் பதிவுகளைப் படித்தால் நம்பாதீர்கள். போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, லங்காஷயரில் ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்ட் அருகே ஒரு போர்க்கைதி முகாமில் அடைக்கப்பட்டார். முகாம் ஆட்டங்களில் நடுவே ஆடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் அடிபட்டதால் கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். மறுபடி மாறவே இல்லை. 1948-இல் ஊருக்குப் போகலாம் என்று சொன்னபோது போகவில்லை. பண்ணை வேலை, வெடிக்காத குண்டுகளை அகற்றும் வேலை, சாயங்காலம் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சின்ன அணியில் கோல் காப்பது என்று இருந்துவிட்டார். பெர்ன்ட் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையாமல் பெர்ட் ஆனது முகாமில் இருந்த காலத்தில்தான்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்துக்கொண்டதும் ஊர் கொதித்தது. 20,000 பேர் ஊர்வலம் போனதாக எங்கும் எழுதியிருக்கும். ஊர்வலக் கணக்குகள் எப்படிக் கூடும் என்று நமக்குத் தெரியாததா? எண்ணை விடுங்கள், கோபம் நிஜம். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் இனி மைதானத்துக்கே வரமாட்டோம் என்றார்கள். மான்செஸ்டர் நிறைய யூதர்கள் வாழும் ஊர், போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போது அந்த ஊர் யூத குரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், தானே ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர், பெற்றோரை நாஜிகளிடம் இழந்தவர், பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு நாடு செய்த பாவத்துக்கு ஒரு தனி மனிதனைத் தண்டிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட் போரில் நார்மண்டியில் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டையிட்டவர். இந்த உடைமாற்றும் அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்.

அதனால் எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடவில்லை. முதல் ஆட்டம் நவம்பரில் போல்ட்டனில், 3-0 தோல்வி. அவருக்கு முன் அந்த இடத்தில் நின்றவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட், இங்கிலாந்தின் செல்லப்பிள்ளை. டெர்பி கவுண்டி அணியோடு ஆடியபோது 7 கோல் வாங்கினார். 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹம் மைதானத்தில் ஆடப் போனபோது கூட்டம் முழுக்க நாஜி என்று கத்தியது. குண்டுவீச்சில் இடிந்த நகரம் அது. சிட்டி ஒரே கோலில் தோற்றது. அதற்குமேல் தோற்காததற்குக் காரணம் ட்ரவுட்மன் தடுத்த தடுப்புகள். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது கத்திய கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது, இரண்டு அணிக்காரர்களும் வழியில் வரிசையாக நின்றார்கள். கழுத்து முறிந்த பிறகு ஆடிய நிமிடங்களையும் இந்த 90 நிமிடத்தையும் தராசில் வைத்தால் எனக்கு இதுதான் கனம். இங்கே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆட்ட நுணுக்கம் பற்றிக் கொஞ்சம். அவர் ஏன் பெரிய கோல்கீப்பர் என்று கேட்டால், தடுப்பதைவிடக் கொடுப்பதில் என்று சொல்வேன். அன்றைய ஆங்கிலக் கீப்பர்கள் பந்து கைக்கு வந்ததும் மைதானத்தின் மறுகோடிக்கு உதைப்பார்கள், யாருக்குக் கிடைக்குமோ அவருக்கு. ட்ரவுட்மன் ஹேண்ட்பால் தோளால் எறிவார். பாதி மைதானம் வரை, தன் ஆளின் காலடிக்கு. 1953-இல் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வதைத்த பிறகு, சிட்டி அதே பாணியில் முன்கள ஆட்டக்காரர் டான் ரெவியைப் பின்னால் இறக்கி ஆடவைத்தது. ரெவி திட்டம் என்றே பெயர். அதன் முதல் கண்ணி ட்ரவுட்மன் கை. அவர் எறிவது பக்கத்து ஆளுக்கு, அங்கிருந்து ரெவிக்கு, அங்கிருந்து முன்னே. கீப்பர்தான் முதல் தாக்குதல்காரன் என்று இன்று மானுவல் நோயரைச் சொல்கிறோமே, காலால் அவர் செய்ததை இவர் கையால் செய்தார்.

அந்த ஆட்டத்தின் மறுபக்கம்தான் 1956 மே 5. தலையை முன்னே கொடுத்துக் காலடியில் பாய்வது அந்தக் காலத்துக் கீப்பர்களின் பழக்கம். இவர் அதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல். எங்கள் கோச் சொல்வார்: பக்கவாட்டில் விழு, கை முன்னே போகட்டும், தலை கைக்குப் பின்னால் வரட்டும். நான் அதைச் சரியாகச் செய்ததில்லை. ட்ரவுட்மனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, அவர் கீப்பரானதே ஒரு தற்செயல்.

இந்த இடத்தில் நாள் கணக்கைக் கவனியுங்கள், உங்கள் சந்தேகத்துக்கு இது நல்ல மருந்து. அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஆங்கிலக் கால்பந்து எழுத்தாளர்கள் ட்ரவுட்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பரிசு வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர். அடுத்தவர் 1972-இல் கோர்டன் பேங்க்ஸ். அந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டது இறுதியாட்டத்துக்கு முன்னால். கழுத்துக் கதையால் அவர் புகழ் வந்தது என்பது தவறு. கழுத்து முழுதாக இருந்தபோதே அவர் அந்த உயரத்தில்தான் இருந்தார்.

ஆனால் ஜெர்மனிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வெளிநாட்டு அணியில் ஆடுகிறவரைச் சேர்ப்பதில்லை என்பது பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கரின் நிலை. 1954-இல் பெர்ன் நகரில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை வென்றபோது வலை முன் நின்றவர் டோனி டூரெக். சோவியத் கோல்கீப்பர் லெவ் யாஷின் ட்ரவுட்மனைப் புகழ்ந்ததாக ஒரு மேற்கோள் சுற்றுகிறது. அதை நான் சாட்சிக்கு அழைக்க மாட்டேன், அழைக்கத் தேவையும் இல்லை.

இப்போது 'பின்னால்' என்று சொன்னேனே, அது. மண்டை ஓட்டில் இரண்டு பக்கமும் துளை போட்டு இடுக்கி மாட்டி, அதன்பின் தலையிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு, பல மாதம். அன்றைய வழக்கம் அதுதான். எலும்பை இழுத்து நேராக்கி அசையாமல் வைத்தால் தானாகக் கூடும். இடுக்கி மாட்டிய நோயாளிகளை நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் படுக்க முடியாது, கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும், மூன்றாவது நாளில் பெரிய ஆம்பிளையும் அழுதுவிடுவார். இறுதியாட்டம் முடிந்த சில வாரத்திலேயே, அவர் இன்னும் அந்த நிலையில் இருக்கும்போது, 5 வயது மகன் ஒரு கார் விபத்தில் இறந்துபோனான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

டிசம்பரில் திரும்பி வந்தார். ஏழே மாதத்தில். இன்றைய எலும்பு டாக்டர் ஒருவர் அந்த அனுமதியைக் கொடுப்பாரா என்றால், நான் கொடுத்திருக்க மாட்டேன். எலும்பு கூடியிருக்கலாம், ஆனால் அசையாமல் கிடந்த கழுத்துத் தசை பலம் பெற அதுவே ஒரு வருடம் கேட்கும். ரிசர்வ் அணியில் இரண்டு ஆட்டம், அப்புறம் உல்வர்ஹாம்ப்டனோடு முதல் அணியில். மூன்று கோல் வாங்கினார். அந்த சீசன் முழுக்கத் தடுமாறினார். ஓய்வு பெறட்டும் என்று சிலர், குணமாகும் முன்பே இறக்கிவிட்டார்கள் என்று சிலர். அடுத்த 1957-58 சீசனில் சிட்டி லீகில் 104 கோல் போட்டு 100 கோல் வாங்கியது. இரண்டு பக்கமும் நூறைத் தொட்ட விசித்திரமான அணி. அந்த நூறில் அவர் பங்கு கணிசம்தான். இந்தத் தடுமாற்றத்தை எழுதாமல் விடுகிறார்கள். கதைக்கு அது ஒத்துவருவதில்லை போலும்.

கழுத்து முறிந்தது தெரிந்த பிறகு, எப்படி முறிந்தது என்பதும் தெரிந்த பிறகு, மறுபடி ஒருவன் பந்தோடு ஓடிவரும்போது அவன் காலடியில் தலையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும். மூட்டை தூக்கும் அந்த அண்ணன் குணமான பிறகு பலகையில் ஏற மாட்டேன் என்று சொல்லி மண்டியில் காவல் வேலைக்குப் போய்விட்டார். நான் பாராட்டி அனுப்பினேன். ட்ரவுட்மன் 1964 வரை நின்றார். மொத்தம் 545 ஆட்டம் சிட்டிக்காக. 1960-இல் ஆங்கில லீகின் தேர்வு அணியிலும் ஆடினார். அதனால் 'எட்டு வருடம் எப்படி ஆடினார்' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எலும்பு நன்றாகக் கூடியது, அது பாதி. முதல் ஒன்றிரண்டு வருடம் நன்றாக ஆடவில்லை, ஆனாலும் விடவில்லை, அது மீதி.

1964 ஏப்ரலில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் கலந்த ஒரு அணிக்கு அவர் தலைவர், கூட பாபி சார்ல்டன், டெனிஸ் லா. கணக்குக்கு வந்த கூட்டமே 47,000 சொச்சம். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே புகுந்து கோல் கம்பத்தையே பிடுங்கிவிட்டது. அப்புறம் சிறிது காலம் சின்ன அணிகளுக்கு மேனேஜர், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1970-களில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவரைப் பயிற்சி கொடுக்க வெளிநாடுகளுக்கு அனுப்பியது: முதலில் பர்மா, பிறகு டான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன். 1988-இல் ஓய்வு பெற்று ஸ்பெயினில் குடியேறினார். 2004-இல் பிரிட்டன் ஓ.பி.இ. விருது கொடுத்தது. 2013 ஜூலையில், 89 வயதில், அங்கேயே இறந்தார்.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், அந்த இறுதியாட்டத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள், சுலபமாகக் கிடைக்கும். எல்லாரும் மர்பியோடு மோதும் படத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு, ஆட்டம் முடிந்து சக ஆட்டக்காரர்களோடு வெளியே நடந்துவரும் படத்தைப் பாருங்கள். அதில் அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.